காலண்டருக்காகக் கொழுக்க வைத்த பிள்ளை

என் கணவருக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இருந்த அறிவு முழுவதும் காலண்டரிலிருந்து வந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். சீசன் வந்துவிட்டால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர் கண் முன்னால் நீலநிறக் கண்ணன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பார்கள். எந்தக் கண்ணனுக்கும் கழுத்து கிடையாது. கையில் மூன்று மடிப்பு, தொடையில் நான்கு மடிப்பு, கன்னம் தோள்வரை தொங்கும். அதையே பார்த்துப் பார்த்து, பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து எங்கள் மகளைத் தூக்கியதும் முகம் வாடிவிடும்.

"என்ன இவளுக்கு மடிப்பே விழ மாட்டேங்குது?" என்பார், நான் ஏதோ சேலையைச் சரியாக மடிக்காமல் வைத்துவிட்டதுபோல.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் முதல் பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். ஒல்லிதான். ஆனால் ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். வாசல்படியைத் தாண்டித் தெருவுக்குத் தவழ்ந்து போய்விடுவாள். அம்மிக்கு அடியில் உருண்டு கிடக்கும் மிளகைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய மறுபடியும் பொறுக்குவாள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. எனக்கு அவளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய அக்கா.

மதினி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அவருக்கும் ஒரு மகன், என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தவன். அவனைப் பார்த்தால் காலண்டரிலிருந்து கத்தரித்து எடுத்ததுபோல இருப்பான். உட்காரவைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான். படுக்கவைத்தால் புரளமாட்டான். இதற்கு மதினி ஒரு பெயர் வைத்திருந்தார்.

"எம்மவனுக்குப் பொறும சாஸ்தி. ஒம் மக மாதிரி அங்கனயும் இங்கனயும் அலைய மாட்டான்."

அலைய மாட்டான் என்பது சரி. அலைய முடியாது என்பது இன்னும் சரி. ஆனால் அந்தக் குடும்பத்தில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மதினி பேசினால் என் கணவர் தலையாட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குக் கழுத்து வலியோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மாசி கடைசியில் ஒரு நாள் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றார். வருகிற சீசனுக்குப் புதுக் கண்ணன் போடப் போகிறார்களாம். பழைய படத்தையே பார்த்து வரைந்தால் ஆர்டர் கொடுக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். உயிருள்ள பிள்ளையை உட்காரவைத்து ஓவியர் வரையப்போகிறாராம். கொழுகொழுவென்று பிள்ளை வைத்திருக்கிறவர்கள் சித்திரையில் கொண்டுவந்து காட்டலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"நம்ம பிள்ள மொகம் நாடு பூராத் தொங்கும்" என்றார்.

"இது பொம்பளப் பிள்ளயாச்சே?"

"இந்த வயசுல ஆணு என்ன, பொண்ணு என்ன? கொண்ட போட்டு மயிலெறகு சொருகுனா கண்ணந்தான்."

"மடிப்பு?"

"அது ஏத்திரலாம்" என்றார், லாரியில் லோடு ஏற்றுவதைச் சொல்வதுபோல.

நான் அப்போதே மறுத்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மறுக்கவில்லை. இரண்டு நாள் முனகினேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மதினி வந்தார், மகனை இடுப்பில் வைக்க முடியாமல் தோளில் சாத்திக்கொண்டு. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஏன் தம்பி, ஒம் மகளயா கூட்டிட்டுப் போகப் போற? கண்ணன் வெண்ண தின்ன பிள்ளப்பா. பஞ்சத்துல கெடந்த பிள்ள இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தார். மதினி போன பிறகு நான் பால் பவுடர் டின்னைத் திறந்தேன். என் பிள்ளையின் நன்மைக்காக அதைத் திறந்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு பொம்பளையின் சிரிப்பை அடக்குவதற்காகத் திறந்தேன். படித்த பெண், எட்டாம் வகுப்புவரை போனவள், மல்லாங்கிணறு பக்கம் காடு கரை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் என்றெல்லாம் எனக்குள் ஒரு மிடுக்கு இருந்தது. அந்த மிடுக்கின் லட்சணம் அவ்வளவுதான்.

டின்னில் எழுதியிருந்த அளவைப்போல இரண்டு பங்கு பவுடரைப் போடச் சொன்னார் இவர். "கெட்டியா இருந்தாத்தான் சதை புடிக்கும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. மையைக் கெட்டியாக வைத்தால் படம் பளிச்சென்று வரும் இல்லையா, அதே கணக்கு. காலையில் பால், பிறகு நெய் விட்ட பருப்புச் சோறு, பிறகு பொட்டுக்கடலைக் கஞ்சி, மத்தியானம் மறுபடி பால், சாயங்காலம் வாழைப்பழத்தைப் பிசைந்து அதிலும் நெய். பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் சாதாரணமாகக் கூழைக் குடித்துவிட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண் உட்பட.

பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நான் அவளை இரண்டு கால்களுக்கும் நடுவில் கிடத்தி, கைகளை முழங்காலால் அமுக்கி, மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்கு வாயைத் திறந்ததும் சங்கில் இருக்கிற பாலைச் சரித்துவிடுவேன். புரை ஏறும். தலையில் தட்டிவிட்டு மறுபடி சரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் ஒரு நூலை எடுத்துத் தொடையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுவைப்பார். மூன்றாவது வாரம் முடிச்சு ஒரு விரல்கடை நகர்ந்தது. மனிதர் சந்தோஷத்தில் அக்கா வீட்டுக்கே நூலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

நாலாவது வாரத்தில் மகள் ஒரு புது வித்தை கற்றுக்கொண்டாள். சங்கு கழுவுகிற சத்தம் கேட்டால் தவழ்ந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அழமாட்டாள், சத்தம் போடமாட்டாள். நான் தேடி வருகிறேனா என்று பானைக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை பெற்ற தாயைக் கண்டு ஒளிகிறது. நான் அதை விளையாட்டு என்று தெருவில் சொல்லிச் சிரித்தேன்.

ஐந்தாவது வாரம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதல் நாள் சூடு என்றோம். இரண்டாம் நாள் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் அவளைத் தூக்கியபோது தலை என் தோளில் நிற்கவில்லை. கண் குழிந்துவிட்டது. உச்சியில் கை வைத்தால் பள்ளமாக இருந்தது. அழுகைக்கு வாயைத் திறக்கிறாள், சத்தம் இல்லை.

இவர் நூலை எடுத்து அளந்து பார்த்தார். சத்தியமாக அதைத்தான் செய்தார்.

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நாளைக்குள்ள தேறிரும்ல?" என்றார்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகள் அதற்கு முன்னும் பேசப்பட்டதில்லை, பின்னும் பேசப்பட்டதில்லை. விருதுநகர் பஸ் ஏறும்போது அவரும் பின்னால் ஏறினார். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விருதுநகரில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது.

"என்ன குடுத்தீக?"

நான் சொன்னேன். பால், பருப்பு, நெய், கஞ்சி, பழம், மறுபடி பால். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த நிலைமையிலும் இருந்தது. இந்தம்மா நம்மை நல்ல வீட்டுப் பொம்பளை என்று நினைப்பார் என்று தோன்றியது.

"இம்புட்டு எதுக்கு?"

இவர்தான் பதில் சொன்னார்.

"காலண்டருக்கு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"காலண்டருக்குங்க. கண்ணன் படம் போடுறாங்க."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இந்தப் பிள்ளைக்கு அதுக்கு முந்தி என்ன கொறச்சல் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இருவரும் யோசித்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்து நாள் அங்கே இருந்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவள் என் வளையலைப் பிடித்துக் கடித்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்துக் கட்டிலில் பேரனை வைத்திருந்த ஒரு பெரியவர் கொடுத்தால் குடித்தாள். ஐந்து நாளும் முன்பின் தெரியாத அந்த மனுஷர்தான் என் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் பெற்றவள், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில் மதினியின் மகன் ஓவியர் முன்னால் உட்கார்ந்தான். இவர் வேலைக்குப் போய்வந்து எனக்கு விவரம் சொல்வார். சித்திரை வெயிலில் வெண்ணெய் உருகிப் பானையை எறும்பு மொய்த்துவிட்டதாம். கிரீடம் வைத்ததும் பொறுமைசாலிப் பிள்ளை அச்சகமே அதிரும்படி வீரிட்டதாம். ஓவியர், "கண்ணன் அழுதா காலண்டர் விக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை அசந்து தூங்கியபிறகு கையையும் காலையும் மட்டும் வரைந்து எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டாராம். மதினிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தேர்வானது அவர் பிள்ளை. தெருத்தெருவாகச் சொல்லி முடித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய எங்களிடமும் வந்து சொன்னார்.

ஐப்பசியில் முதல் ஷீட் அச்சாகி வந்தது. இவர் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்தக் கூத்தை விடுவேனா? மதினி குத்துவிளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டு, அக்கம்பக்கத்தாரை அழைத்து உட்காரவைத்திருந்தார். இவர் ஷீட்டை விரித்தார்.

நீலநிறம். மயிலிறகு. வெண்ணெய்ப் பானை. முகம் யாரோ. ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் தன் பேரனுடைய போட்டோவை அனுப்பி, அந்த முகத்தைத்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இது இவருக்கு முன்பே தெரியும். அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லை.

மதினி படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"மொளங்காலப் பாரு தம்பி. அது எம்மவன் மொளங்காலுதான்."

"ஆமாக்கா. அச்சு அசல்" என்றார் இவர்.

அந்தப் படம் கண்ணாடி போட்டு அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. வருகிறவர்களுக்கெல்லாம் முழங்காலைக் காட்டுவார். வந்தவர்களும் பார்த்துவிட்டு, "அப்பிடியே இருக்கு" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். முழங்காலில் என்ன அப்படியே இருக்கும் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அதற்குப்பின் என் மகள் அவள் போக்கில் சாப்பிட்டு, அவள் போக்கில் ஒல்லியாகவே வளர்ந்தாள். நான் ஊட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். அந்தப் பையனுக்கு ஏழு வயதானபோது மதினிக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன். ஒரு மாதம் அவன் எங்கள் வீட்டில் இருந்தான். முதல் நாள் தட்டை வைத்தேன். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், யாராவது போடுவார்கள் என்று. அவன் வீட்டில் கதை சொல்லி, பின்னாலேயே ஓடி ஊட்டுவார்களாம். நான் எழுந்துபோய்த் துணி துவைக்க ஆரம்பித்தேன். இவர் என் பின்னாலேயே வந்து, "அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று நடுங்கினார். உள்ளே என் மகளின் குரல் கேட்டது.

"ஏலே, ஒனக்கு வேண்டாமா? நாந் திங்கட்டா?"

எட்டிப் பார்த்தேன். அவன் தட்டை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான்.

ஒரு மாதத்தில் சதை இறங்கி, வேப்பமரம் ஏறக் கற்றுக்கொண்டான். மதினி வந்து பார்த்துவிட்டு, "எம் பிள்ளய எலும்பாக்கிட்டியே!" என்று கத்தி, அவனை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. இவர் அதற்காக ஏங்கினார். எனக்கு அந்த இரண்டு வருஷமும் சுகமாகக் கழிந்தன.

பேச்சைத் திரும்பத் தொடங்கிவைத்தது அந்தப் பையன்தான். ஒன்பது வயதில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சோறு போட்டேன். மறுநாளும் வந்தான். நாலாம் நாள் மதினி அவனைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவன் தலையை நிமிர்த்தாமல் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"வாங்க மதினி, சாப்புட்டீகளா?" என்றேன்.

நின்று நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது குழம்பில் உப்பு இல்லை என்றார். இருந்தது.