எட்டு காப்பி நாரை

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலோடு சரி. கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'நேராப்பாருங்க'. இருபத்திரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறார். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்த வார்த்தைதான், ஊர் சும்மா இருக்குமா?

கடை பத்துக்குப் பத்து அறை. ஒரு சுழல் ஸ்டூல், அதன் பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு குடை விளக்கு, ஆணியில் நூல் கட்டித் தொங்கும் சீப்பு, பவுடர் டப்பா, யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு. பாதி ஊர் அந்த ஒரே கோட்டில்தான் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறது. வருகிறவரை உட்கார வைப்பார். மோவாயை ஒரு விரலால் இறக்குவார். இரண்டு கண், இரண்டு காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. "நேரா பாருங்க. மூச்சை விடுங்க." ஒரே ஒரு கிளிக். அப்புறம் ஒரு தாளில் எட்டு காப்பி போட்டு, வெட்டி, சின்னக் காகித உறையில் கொடுப்பார். முடிந்தது வேலை.

இந்த மனுஷர் எடுத்த படம் இல்லாத பர்ஸ் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் அவர் எடுத்த படம் ஒன்றுகூட ஒரு சுவரிலும் தொங்கவில்லை. அவருக்கு அது ஒரு குறை. வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். பிறகு வாசலில் விட்ட தன் செருப்பைப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

அவர் கண் வைத்திருந்தது என் அப்பா வீட்டுச் சுவரில். கூடத்தில், வாசலைப் பார்த்தாற்போல ஓர் ஆணி இருக்கிறது. குடும்பத்தோடு எங்கே சுற்றுலா போய் வந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்த்து அப்பா ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது ஆணியில் ஏறும், பழையது கட்டிலுக்கு அடியில் போகும். ஏழு சுற்றுலா போனோம். ஏழு தடவையும் ஏறியது அக்கா வீட்டுக்காரர் எடுத்த படம். அருவி, அஸ்தமனம், மறுபடி அருவி.

அத்தான் மின்சார அலுவலகத்தில் அதிகாரி. அவர் கேமரா லென்ஸ் இரண்டு லிட்டர் ஃபிளாஸ்க் அளவு இருக்கும். வேனில் அதற்கு ஜன்னலோர சீட். எனக்கு ஸ்டெப்னி மேல் சீட். அக்காவும் நானும் அதற்கு 'மூன்றாவது மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இவரும் முயலாமல் இல்லை. அக்கா மகன் பிறந்தநாளுக்கு ஒரு தடவை இவரைப் படம் எடுக்கச் சொன்னார்கள். அறுபது பேரையும் நேராகப் பார்க்க வைத்து, சிரித்தவர்களை அதட்டி, கேக்கைக்கூட நட்டநடுவில் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். ஆல்பத்தைப் புரட்டினால் கூட்டமாகக் கைதாகிப் போனவர்கள் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அத்தானுக்கு அவல் கிடைத்துவிட்டது, மென்றுகொண்டே இருக்கிறார்.

எட்டாவது சுற்றுலா ஒரு சதுப்பு நிலத்துக்கு. வேனில் ஏறும்போதே அத்தான் ஆரம்பித்தார். "என்ன சகலை, பறவைக்கெல்லாம் கோட்டு எடுத்து வெச்சாச்சா?"

"கோட்டு தேவைப்படாது அண்ணே" என்றார் இவர், உண்மையாகவே யோசித்துவிட்டு.

முன் சீட்டில் அப்பா. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஒல்லியான நெடிய உடம்பு, நீளக் கழுத்து, அதைவிட நீளமான மூக்கு. யாரைப் பார்த்தாலும் அந்த மூக்கின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்வை இறங்கி வரும், டிக்கெட் வைத்திருப்பவனும் பையைத் தடவுவான். தலை வழுக்கை. பின்மண்டையில் மட்டும் ஒரு கொத்து முடி, எந்த எண்ணெய்க்கும் படியாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்பாவின் பென்ஷன் அட்டைக்குப் படம் எடுத்த அன்று அந்த முடியை அமுக்க இவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் நாள் முழுக்க மரப்பலகைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நீளமான ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பார்த்தோம். நாணலும் சேறும், நடுவில் நூற்றுக்கணக்கில் பறவைகள். அத்தானின் கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடியது. மாலைக்குள் ஆயிரத்து நானூறு படம். இவர் கேமராவில் எத்தனை என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"ஒண்ணுகூட நேரா பார்க்க மாட்டேங்குது" என்றார் எரிச்சலாக. "எல்லாம் பக்கவாட்டுல நிக்குது. ஒரு கண்ணுதான் தெரியுது. ஒரு கண்ணு வெச்சுக்கிட்டு எவன் ஏத்துக்குவான்?"

"பறவைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும்தாங்க இருக்கும்."

"காதும் தெரியல. பின்னாடி பார், ஒரே புல்லும் குப்பையும். பேக்ரவுண்ட் சரியில்ல."

அங்கே காவலர் ஒருவர் இருந்தார், காக்கிச் சட்டையும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சேற்றில் ஒரு சாம்பல் நாரை தனியாக நின்றிருந்தது. "அவர் மட்டும் மனுஷங்களுக்குப் பயப்பட மாட்டார் சார். படகுக்காரங்க மீன் போட்டுப் பழக்கிட்டாங்க. பெரியவர்னுதான் கூப்பிடுவோம். ஆனா அவரும் யாரையும் நேரா பார்க்க மாட்டார். ரொம்ப கெத்து."

நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இவர் கவனித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் லாட்ஜ் அறையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கட்டிலில் விரிப்பும் இல்லை. லாட்ஜின் பெயர் மூலையில் முத்திரை குத்திய வெள்ளை விரிப்பு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

படகுத்துறையில் நான் கண்ட காட்சியை எந்தப் பெண்டாட்டியும் காண வேண்டாம். மனுஷர் முட்டளவு சேற்றில் நின்று, பெரியவருக்குப் பின்னால் இருந்த நாணலில் விரிப்பை மாட்டிக்கொண்டிருந்தார். துணி கிளிப்புகள் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், கடைப் பழக்கம். நான் "ஏங்க!" என்று கத்தவும், காற்று வரவும், விரிப்பு படாரென்று ஒரு தடவை அடித்துக்கொண்டது. அவ்வளவுதான். நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. வானமே தெரியாத அளவுக்கு இறக்கை. கூண்டுக்குள்ளிருந்து அத்தானின் தையல் மிஷின் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுந்திருக்காதது பெரியவர் ஒருவர்தான். ரயில் கிளம்பினாலும் தன் சீட்டை விட்டு நகராத பயணி மாதிரி, விரிப்பு முன்னால் ஒற்றைக் காலில் நின்றார்.

இவர் மெல்லத் தள்ளி வந்து சேற்றில் குப்புறப் படுத்தார். கடைக் கேமராதான் கையில். தூரத்தை இழுக்கிற லென்ஸ் அதில் கிடையாது. ஐந்தாறு எட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வது மாதிரியே மரியாதையாகச் சொன்னார்: "நேரா பாருங்க."

நாரை மெதுவாகக் கழுத்தைத் திருப்பியது. யாரடா இவன் என்பது போல நேராக அவரைப் பார்த்தது.

"மூச்சை விடுங்க."

ஒரு கிளிக்.

அப்புறம் காவலர் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பறவைகளை மிரட்டக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறதே, கண் தெரியாதா என்று விட்ட டோஸில் இவருக்கு முகம் சுண்டிப்போனது. கிளிப்பைக் கழற்றிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டபடி, "தப்புதான் சார், மன்னிச்சிடுங்க" என்று நாலைந்து தடவை சொன்னார். ஒரு மணி நேரத்தில் பறவைகள் திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் காவலருக்குக் கோபம் தணிந்தது. அதுவரை இவர் கரையில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாட்ஜ் குளியலறையில் விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். சேறு போயிற்று, மானம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் இவர் கடையைத் திறந்து படத்தைப் போட்டார். சாப்பாடு கொண்டு போன நான் திரையைப் பார்த்தேன். தூக்குச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு இன்னும் கிட்டப் போனேன்.

வெள்ளைப் பின்னணி. நீளக் கழுத்து. நடுவில் மூக்கு. அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கி வரும் இரண்டு கண்கள், டிக்கெட் எங்கே என்று கேட்கும் கண்கள். பின்மண்டையில் படியாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கொத்து.

"ஏங்க, இது யார் மாதிரி இருக்குன்னு தெரியுதா?"

"ரெண்டு கண்ணும் விழுந்திருக்கு பார்த்தியா!" என்றார் உச்சி குளிர்ந்துபோய். "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு ஆள் உட்கார்ந்ததில்ல. ஆடல, அசையல, சிரிக்கல."

"இதை அப்பாகிட்ட காட்டாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"ஏன், நல்லா இல்லையா?"

அந்த முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல? உங்கள் மாமனாரை நாரையாக்கிவிட்டீர்கள் என்றா? அப்பா ஒரு தடவை கோபித்துக்கொண்டால் இரண்டு வருஷம் பேச மாட்டார். ஆணியும் போகும், மாமனாரும் போவார். தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் கூடினோம். அத்தான் முதலில் பிரித்தார். கண்ணாடிச் சட்டம் போட்டு, இரண்டு கை அகலத்துக்கு. விடியல் வெளிச்சத்தில் இருநூறு பறவைகள் ஒரே நேரத்தில் எழும் படம். பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. அவற்றை எழுப்பி விட்டது என் புருஷனின் விரிப்பு என்பதை மட்டும் அத்தான் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரிய மாப்பிள்ளை, நல்லா இருக்கு" என்றார் அப்பா. "சின்ன மாப்பிள்ளை?"

இவர் எழுந்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். எடுத்தது சின்னக் காகித உறை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பாவி மனுஷர் பழக்க தோஷத்தில் நாரையையும் பாஸ்போர்ட் சைஸில் போட்டு, எட்டு காப்பி வெட்டி எடுத்து வந்திருக்கிறார்!

அத்தான் குனிந்து குனிந்து சிரித்தார். "சகலை, நாரை எந்த நாட்டுக்குப் போகுதாம்?"

அப்பா ஒரு காப்பியை எடுத்து, டிக்கெட்டைப் பார்ப்பது போலக் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, இது நீங்கதானே!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது அப்பா பென்ஷன் அட்டையை எடுத்து, தன் படத்தையும் நாரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை பின்மண்டைக்குப் போய் அந்தக் கொத்து முடியைத் தடவியது.

"இதைப் பெருசா போட முடியாதா மாப்பிள்ளை?"

"போடலாம் மாமா" என்றார் இவர். "பெருசா போட்டுப் பழக்கமில்ல. முயற்சி பண்றேன்."

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, என் படத்துல இருநூறு பறவை இருக்கு!"

"இருக்கு மாப்பிள்ளை, யார் இல்லன்னா? ஆனா அந்தக் கூட்டத்துல எனக்கு யாரைத் தெரியும்?" என்று அப்பா நாரையை விரலால் தட்டினார். "இவரைத் தெரியுது."

மறு ஞாயிறு, அத்தான் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாகவே பெரியவர் ஆணியில் ஏறினார். சின்னக் காப்பிகளில் ஒன்று அப்பாவின் பர்ஸில், ஒன்று அம்மாவிடம். நானும் அக்காவும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். ஒன்றை இவர் அந்தக் காவலருக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்று மூன்றாவது மாப்பிள்ளையின் பைக்குள் இருப்பதாக அக்கா காதோடு சொன்னாள், நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று எல்லோரும் சாப்பிட உள்ளே போன பிறகும் இவர் மட்டும் கூடத்திலேயே நின்றார். செருப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் மோவாயை ஒரு விரலால் தொட்டு என் பக்கம் திருப்பினேன்.

"நேரா பாருங்க" என்றேன்.

அவரால் முடியவில்லை. இரண்டு கண்ணும் கலங்கியிருந்தது, பல் முப்பத்திரண்டும் தெரிந்தது.