ஐந்தாவது ஆள்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் எங்கள் தெருவுக்கு ஜெசெல் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது பதினைந்து. அம்மா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனதும் சித்தியிடம் விட்டிருந்தார்கள். பள்ளியில் யாருடனும் பேசமாட்டாள். திமிர் என்று பெண்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கூடைப்பந்துத் திடலுக்கு நண்பகலில் வருவாள், சிமெண்டுத் தரை கொதிக்கும்போது. எறிவாள், எடுப்பாள், மறுபடி எறிவாள்.

கோடைப் போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் முன்னால் அணிச்சட்டையும் தோளில் குறுக்காகப் பெயர்ப் பட்டையும் அணிந்த ஓர் அழகி நடந்து வரவேண்டும். பெண்கள் அணிக்கும் அதே வழக்கம். தலைவி டானிகா ஜெசெலைக் கேட்டாள். உயரமாக இருந்தாள், அவ்வளவுதான். ஆடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டியவளுக்குப் பட்டையைக் கையில் வாங்கியபோதுதான் விஷயம் புரிந்தது.

அணிவகுப்பு முடிந்தது. முதல் ஆட்டம் எங்கள் பெண்களுடையது. நாலு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவது பெண்ணுக்குக் காய்ச்சல். பத்து நிமிடத்துக்குள் ஐவர் இறங்காவிட்டால் தோல்வி.

நான் மேசையில் புள்ளி குறிக்க உட்கார்ந்திருந்தேன். ஜெசெல் என் அருகில் வந்தாள், வாயைத் திறந்தாள், திரும்பிப் போனாள். மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது மறுபடி வந்தாள்.

"அண்ணே, அந்தத் தாள்ல என் பேரு இருக்கா?"

இருந்தது. அழகியின் பெயரையும் ஆட்டக்காரர்களோடு கடைசி வரியில் எழுதிவிடுவது எங்கள் பழக்கம். தாளைத் திருப்பிக் காட்டினேன்.

டானிகா பார்த்துவிட்டாள். "நடக்கத்தானேடி கூப்பிட்டோம். குதிகால் செருப்போட பந்து பொறுக்கப் போறியா?"

சிரித்தார்கள். ஜெசெல் செருப்பைக் கழற்றினாள்.

"எனக்கு ஆடத் தெரியும்."

பலர் அவள் குரலை அன்றுதான் கேட்டார்கள். டானிகா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். பையன்கள் பக்கம் திரும்பி, யாராவது ஷூவைக் கழற்றுங்கடா என்றாள்.

ஆட்டத்தில் யாரும் அவளுக்குப் பந்து தரவில்லை. தானே எடுத்து எறிந்தாள். கூடையில் விழுந்தது. அடுத்தது விழவில்லை. கூட நாலு பேர் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று டானிகா கத்தினாள்.

மூன்றாவது முறை பந்து கைக்கு வந்ததும் ஜெசெல் நின்றுவிட்டாள். எதிரணிப் பெண்கள் இருவர் நெருங்கினார்கள். யாருக்கு, எப்படி என்று தெரியாதவள்போல் விழித்தாள். பிறகு டானிகாவை நோக்கி வீசினாள். அத்தனை வேகம். பந்து அவள் மார்பில் மோதிக் கோட்டைத் தாண்டி ஓடியது. விசில்.

ஜெசெல் வெளியேறத் திரும்பினாள். ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்தாள்.

டானிகா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அவளிடம் வந்தாள்.

"நான் சுவரு இல்லடி. மெதுவாப் போடு. இங்கதான் நிப்பேன்."