ஊசிக் காதில் ஏறாத நூல்

கம்பி என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் ஆள் தெரியும். வண்டிகளுக்குச் சீட் தைக்கிறவர். ஆள் அவ்வளவு ஒல்லி. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பக்கத்துக் கடை மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எல்லாருக்கும் தின்னு தின்னு வருது. உனக்கு எங்கேர்ந்துய்யா வந்துச்சு, ரெக்சின் தைச்சா?"

கம்பி பதில் சொல்லவில்லை. அவர் சுபாவம் அது. மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டபோதும் வாயைத் திறக்கவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. கல்யாணத்துக்குப் போன மனைவி மகளோடேயே தங்கிவிட்டாள். அப்புறம் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஆள். எந்தச் சாமானும் வைத்த இடம் மாறுவதில்லை. மாற்ற யார் இருக்கிறார்கள்?

மாத்திரைக்கு மசியாத சர்க்கரையாக இருக்கிறதே என்று பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க உடம்பு இன்சுலினைச் செய்யுது. ஆனா செல்லுக்குள்ள சவ்வு போட்டு மூடின அறை ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போனாத்தான் அது மடிஞ்சு, பக்குவமாகி, ரத்தத்துக்கு வரும். சவ்வுல இருக்கறது பொடித் துளை. அதுல நூல் மாதிரி நுழையணும். வழி காட்டறது முன்நுனிதான். உங்களுக்கு அந்த நுனி பிறவியிலேயே கோளாறு."

"நூல் பிசிறிடுச்சு, ஊசிக் காதுல ஏறலைங்கறீங்க."

"அதேதான். ஏறாதது வெளியவே கிடந்து சிதையுது. அது சேரச் சேர செல்லும் நொந்து போகுது."

"நுனியை எச்சில் தொட்டுத் திரிச்சா ஏறுமே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அவ்வளவு சின்ன விரல் யாருகிட்டயும் இல்லீங்க." பிறகு கேட்டார்: "பிள்ளைங்க உண்டா? பாதிக்குப் பாதி அவங்களுக்கும் வரலாம். இப்பவே பாத்துட்டா கண்ணு, கிட்னியைக் காப்பாத்திக்கலாம்."

மகள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் வரிசையில் நின்றார்.

"சொல்லுங்க சார்" என்று தலையைத் தூக்கியவள் முகம் மாறிற்று. "இங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்குச் சர்க்கரை. உனக்கும் இருக்கலாம்."

"இத்தனை வருஷம் கழிச்சு இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலம்மா."

சட்டைப் பையிலிருந்து ஊசியையும் பிசிறிய நூலையும் எடுத்தார். கண்ணாடி மேசைமேல் வைத்துக் கோக்கப் பார்த்தார். ஏறவில்லை. ஏறாததுதான் விஷயம் என்று விளக்கினார். அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மாள் பொறுமையிழந்து, "அண்ணே, அந்தப் பொண்ணுகிட்டயே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுட்டுக் கோத்துப் பாருங்களேன்" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து போன் தையல் மெஷின் பக்கத்திலேயே கிடந்தது. மகளுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்றுதான் கம்பி நினைத்தார். ஆனால் கால் மெஷினை மிதிக்கும்போது மனசு தன்பாட்டில் வேறு எங்கோ போகும். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். தான் இப்போது தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியை வலிக்காமல் எப்படிப் போடுவது என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். சீ, பெத்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

போன் வந்தது.

"எனக்கு இல்லையாம்."

"அப்பாடா" என்றார். நிஜமாகவே கண் கலங்கியது. "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

வண்டிச் சத்தம் அவள் பக்கமும் கேட்டது, இவர் பக்கமும் கேட்டது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குதும்மா."

"சரி, வெச்சிடறேன்."