குழாயடி ஓட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். தெருவுக்கே ஒரு குழாய். அதில் தண்ணீர் வரும் நேரமும் நான் வேலை பார்த்த ஸ்கூலில் மணி அடிக்கும் நேரமும் ஒன்று. கணவருக்கு வெளியூரில் வேலை, மாமியார் படுத்த படுக்கை. தண்ணீர் பிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. "இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலையை விட்டுடுங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வார்டு கவுன்சிலர் ஒரு யோசனையோடு வந்தார். குழாய் திறக்கும் நேரத்தை இனித் தெருக்காரர்களே கூடிப் பேசிச் சட்டமாகப் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா? வீட்டுக்கு ஒரு ஓட்டு.

"வேணும்னு போட்டா நேரத்தை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"இது சும்மா கருத்துக் கேக்குறதும்மா. முடிவு நகராட்சியோடது. திங்கக்கிழமை மீட்டிங்ல படிச்சுக் காட்டுவேன்."

சும்மா கேட்பதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் எனக்கு வேறு போக்கு ஏது? ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. டீச்சர் என்பதால் அதை நடத்தும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. பெட்டிக்கு எங்கே போவது? என் பித்தளைக் குடத்தையே குழாயடி மேடையில் வைத்தேன். எழுதத் தெரிந்தவர்கள் பேனாவால் எழுதினார்கள், மற்றவர்கள் வட்டமோ பெருக்கல் குறியோ போட்டார்கள். சீட்டை மடித்துக் குடத்துக்குள் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் தெருவில் குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. தண்ணீர் வந்துவிட்டால், முதலில் நிற்கும் குடம் யாருடையதானாலும், பக்கத்தில் இருப்பவர் அதை நிரப்பிவிட வேண்டும்.

மத்தியானம் மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க வீட்டுக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து, என்றைக்கும் இல்லாத திருநாளாகக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் எதிர்வீட்டு பாயின் மனைவி என் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, இன்னைக்கு உங்க குடம்தான் மொதல்ல! பிடிங்க."

"ஐயோ அக்கா, உள்ள ஓட்டு இருக்கே!"

"யா அல்லா! கைப்பழக்கம்மா... என் சீட்டும் அதுக்குள்ளதான் கிடக்கு. உங்களுக்காக வேணும்னுதான் போட்டேன்."

இவரை எப்படித் திட்டுவது?

சாயங்காலம் கவுன்சிலர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரெல்லாம் நீலம், சீட்டெல்லாம் கூழ்.

"மறுபடி போட்டுடலாமே?" என்றேன்.

"காலையில மீட்டிங்கும்மா. தெருவுல கருத்து ஒண்ணும் வரலைன்னு சொல்லிடுறேன்." அவருக்கு அதில் நிம்மதி என்றுகூடத் தோன்றியது.

வாதாட உடம்பில் தெம்பில்லை. அந்த வாரமே மறுபடி லேட்டானேன், வேலை போயிற்று. அந்தத் தெருவில் இருந்த காலம் முழுக்க என் குடம் முதலாவதாக நிரம்பியது அந்த ஒரே நாள்தான். அந்தத் தண்ணீரையும் சாக்கடையில்தான் கொட்டினேன்.