இரண்டாம் டெனரின் தாள்

கம்பெனி ஆள் கொண்டுவந்து கொடுத்த ஃபைலில் இருபது அரேஞ்ச்மெண்ட் இருந்தது. ஒரு பாட்டை எந்த வாத்தியம் எங்கே எடுக்கும், எங்கே விடும், ஒருவர் ஊதும்போது பின்னால் மற்றவர்கள் என்ன ஊதுவார்கள் என்று யோசித்து ஆளுக்கொரு தாளாக எழுதி வைப்பதுதான் அரேஞ்ச்மெண்ட். எல்லாமே ஸ்விங் என்கிற பழைய ஜாஸ் வகை. ஒவ்வொன்றுக்கும் பதினேழு தாள். எங்கள் சர்ச் பேண்டில் இருந்ததே பதினான்கு பேர்.

"நாலு செலக்ட் பண்ணுங்க மாஸ்டர். எனர்ஜி இருக்கணும். எங்க டைரக்டர் ஜாஸ் பைத்தியம், அவங்க ஊர்ல அவரே வாசிச்சவராம்," என்றான் அந்த ஆள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன். தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது.

மாஸ்டர் என்று அவன் கூப்பிட்டது எங்கள் பேண்டின் தலைவரை. கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் முன்னால் டிரம்பெட்டோடு நடப்பவர். அவர் ஃபைலை வாங்கி அப்படியே என் மடியில் வைத்தார்.

"நீதான் கோவால ஊதினவன். நீயே பாரு."

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஸ்டாஃப் நோட்டு படிக்கத் தெரியும், அது சர்ச்சில் கிடைத்தது. டிராம்போனைத் தூக்கிக்கொண்டு ஐதராபாத் கல்யாண செட்டுகளில் நான்கு வருடம், கோவாவில் ஒரு ஓட்டல் பேண்டில் இரண்டு சீசன். நடுவில் பூனாவில் ஓட்டல் பாத்திரமும் கழுவியிருக்கிறேன், செங்கல்லும் சுமந்திருக்கிறேன். கோவா பேண்டில் மூன்றாவது டிராம்போன் நாற்காலி என்னுடையது. ஸ்விங்கும் அங்கேதான் காதில் ஏறியது. தாளில் இரண்டு நோட்டும் ஒரே நீளமாக இருக்கும். ஊதும்போது முதலாவதை இழுத்து, இரண்டாவதை அடுத்ததன் மேல் சாய்க்க வேண்டும். ஓட்டல் மூடியதும் ஊருக்கு வந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அரேஞ்ச்மெண்ட் தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. முதலில் முதல் டிரம்பெட்டின் தாளைப் பார்க்க வேண்டும். எவ்வளவு உயரம் போகிறது, எத்தனை தடவை போகிறது, நடுவில் உதடு ஆற இடமிருக்கிறதா. அடுத்தது டிரம்ஸ் தாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டாம் டெனர் சாக்ஸபோனின் தாளைப் பார்த்து எந்த ஊரிலும் யாரும் பாட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை.

நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

எங்கள் டெனர்காரன் ஆரம்பாக்கத்தில் என் தெருக்காரன். ஒரே நாளில் நாங்கள் பேண்டில் சேர்ந்தோம். நான் ஊர் ஊராகப் போனேன், அவன் இந்த ஃபைலை அனுப்பிய அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக, இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ் ஓட்டினான். இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கியே வைத்திருந்தார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆம்புலன்ஸ் வரவில்லை. காண்ட்ராக்டர் தன் காரில் மீஞ்சூருக்குக் கொண்டுபோய் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஆம்புலன்ஸ் வந்தால் கேட் ரிஜிஸ்டரில் எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் கம்பெனி கேட்டில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, கீழே கொக்கியில் எண் தகடுகள். அவன் விரல் போன மறுநாளும் எண்ணில் ஒன்று கூடியது. காண்ட்ராக்ட் ஆள் அந்தக் கணக்கில் வர மாட்டானாம். இப்போது அந்த எண் பெரிதாகிவிட்டது என்றுதான் விழா. அதற்குத்தான் நாங்கள் ஸ்விங் ஊத வேண்டும்.

இதைக் கேட்டபோது ஃபைலைச் சாக்கடையில் போடலாம் என்றிருந்தது. மாஸ்டரிடம் சொன்னேன்.

"பேண்டுல பாதிப்பேரு இந்தப் பேட்டைல வேல செய்றான். மாட்டேன்னு சொல்லிட்டு எவன் ஊட்ல போய் உக்கார்றது?" என்றார்.

"அவன வச்சிக்கினு எப்பிடி மாஸ்டர் அந்த கேட்டுக்குள்ள போறது?"

"அவன்தான் வரேன்னு சொல்றான். அவனையே கேளு."

கேட்டேன். காயம் ஆறி வந்ததிலிருந்து சாவு ஊர்வலங்களில் மாஸ்டர் அவன் கையில் பித்தளைத் தட்டு ஜோடியான சிம்பலைக் கொடுத்திருந்தார். எட்டு மாதமாக அதைத் தட்டிக்கொண்டிருந்தான். சாக்ஸபோன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"எனக்கு அந்தக் கம்பெனி இன்னா, கலெக்டர் ஆபீஸ் இன்னா. நீங்க பதிமூணு பேரும் உக்காந்து ஊதுவீங்க, நான் பின்னால நின்னுகினு ஜிங்கு ஜிங்குனு தட்டணுமா? என் சேர் எனக்கு வேணும் நைனா. ஒனக்கு நோட்டு தெரியும் இல்ல? எனக்குத் தோதா ஒண்ணு எடு."

சாக்ஸபோனில் மேல் சாவிகள் இடது கைக்கு, கீழ்ச் சாவிகள் வலது கைக்கு. வலது கை இல்லாமல் கீழ் ஜி என்ற நோட்டிலிருந்து சி ஷார்ப் வரை ஊதலாம். அதற்கு மேல் ஒரு பள்ளம், வலது கை கேட்கும் நோட்டுகள். மறுபடி மேல் ஜியில் தொடங்கி அதே நோட்டுகள். பள்ளத்தில் கால் வைக்காத தாள் வேண்டும்.

நாஷ்டா கடையில் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது தாளிலும் அவனால் முடியாத ஒவ்வொரு நோட்டையும் வட்டம் போட்டேன். பல தாள்கள் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டன. வட்டம் போடப் போடக் கோபம் ஏறியது. ஒவ்வொரு வட்டமும் அந்த டேப் ஒட்டிய பொத்தான்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்று தாள் தேறியது. மூன்றிலும் சாக்ஸபோன்கள் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஊதும், டிரம்பெட்டுகள் மேலே விளையாடும். அங்கங்கே மிஞ்சிய வட்டங்களைப் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு மாற்றி எழுதினேன்.

மூன்றாவதில் ஒரு விஷயம் இருந்தது. நடுவில் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, இரண்டாம் டெனரின் சோலோ. தாளில் கோர்டு என்கிற கூட்டுச்சுரங்களின் பெயர்கள் மட்டும்தான், நோட்டு அவன் இஷ்டம். இடது கை நோட்டுகளை வைத்தே ஒப்பேற்றலாம். ஆனால் சோலோ வருகிறவன் எழுந்து முன்னால் மைக்குக்குப் போய் நிற்க வேண்டும், அது அந்த மாதிரி பேண்டுகளின் வழக்கம். டைரக்டருக்கு எதிரே, முதல் வரிசைக்கு எதிரே. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். நல்ல சந்தோஷம் இல்லை அது.

ஒத்திகைக்கு அதிகாரி வந்தான். ஃபைலில் இருந்ததிலேயே வேகமான ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினான். சாக்ஸபோன்கள் ஐந்தும் சேர்ந்து படிக்கட்டில் உருள்வது மாதிரி ஓடும் பாட்டு.

"இத ஏன் எடுக்கல? இதுதானே ஹிட்டு. நீங்க எடுத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கே."

"இது எங்களுக்கு ஆவாது," என்றேன்.

"ஏன் ஆகாது?"

டெனர்காரன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "இதான் சார். ரெண்டு ஸ்பேர் பார்ட்ஸ் ஒங்க கம்பெனிலயே வுட்டுட்டு வந்துட்டேன்."

பேண்டு மொத்தமும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மாஸ்டரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது, வேகமான பாட்டு நான்காவதாகச் சேர்ந்திருந்தது, அதில் டெனர்காரன் சும்மா உட்கார்ந்திருப்பான். இன்னொன்றும் முடிவாகியிருந்தது. பேண்டு முழுக்க வெள்ளைக் கையுறை.

"ஊர்வலத்துல நடந்து போறப்ப போடுவாங்க. கையுறை போட்டுக்கினு சாக்ஸபோன் எப்பிடி ஊதறது?" என்றேன்.

"யூனிஃபார்ம் பாஸ். வீடியோ எடுக்கறாங்க," என்றான் அதிகாரி.

அடுத்த ஞாயிறு கையுறைகள் வந்தன. ஒரு ஜோடி மட்டும் தனிக் கவரில். அதில் வலது கையுறையின் இரண்டு விரல்களில் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தது. யாரோ ஒரு தையற்காரர் உட்கார்ந்து, அளவெடுத்து, கவனமாகச் செய்த வேலை.

டெனர்காரன் மாட்டிப் பார்த்தான். விரித்து மடக்கிப் பார்த்தான்.

"பரவால்லியே, வளந்துடுச்சி."

ஊதிப் பார்த்தபோது வேறு தொல்லை. கட்டைவிரல் சாக்ஸபோனைத் தாங்க, பஞ்சு விரல் தானாகவே கீழ்ச் சாவியில் படுத்தது. ஜி ஊதினால் எஃப் வந்தது.

"பாத்தியா, பஞ்சு என்னையவிட ஒரு நோட்டு அதிகமா வாசிக்குது," என்றான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது சோலோவைப் பற்றிச் சொன்னேன். மைக்குக்கு முன்னால் போய் நின்று கையுறையைக் கழற்றிக் காட்டு, டைரக்டர் பார்க்கட்டும், அந்தப் பலகை பொய் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன். வெகுநாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அது.

அவன் நின்றுவிட்டான்.

"அந்தப் பாட்ட எனக்கோசரம் எடுத்தியா, அந்தக் கம்பெனிக்காரனுக்கோசரம் எடுத்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

"டேய், ஒனக்கு எங்கியாவது சண்ட போட்டுட்டு ஊர வுட்டுப் போவணும். நாளைக்கே ரயிலு ஏறிடுவ. நான் இங்கதான் கீறேன். என் கைய வச்சி நீ சண்ட போடாத."

அவன் சொன்னது சரிதான் என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. சோலோ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுக்காத. நல்லா வருது," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

விழா மதியம், முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாவது ஷிஃப்ட் ஏறுவதற்கு இடையில். லோடிங் யார்டில் பந்தல், முன்வரிசையில் சோஃபா, பின்னால் தொழிலாளிகள் நின்றுகொண்டு. பெரிய பெரிய ஃபேன்கள். தாள்கள் பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் போட்டிருந்தோம்.

முதல் பாட்டிலேயே அவன் ஜி இரண்டு தடவை எஃப் ஆனது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் பல்லால் வலது கையுறையைக் கடித்து உருவினான். வைக்க இடமில்லாமல், தாளோடு சேர்த்து ஸ்டாண்டில் கிளிப் போட்டு மாட்டினான். பஞ்சடைத்த இரண்டு விரல் மட்டும் விறைத்த கையுறை ஸ்டாண்டில் நின்றது, பின்னால் மூன்று விரலோடு அவன் கை. மேடைக்குப் பக்கத்தில் அதிகாரி 'போடு, போடு' என்று சைகை காட்டினான். டெனர்காரன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பாட்டில் சோலோ வந்தது. எழுந்து மைக்குக்குப் போனான். வலது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, இடது கையால் மட்டும் ஊதினான். அவசரமே இல்லை. நான்கைந்து நோட்டுதான், அவற்றையே முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, நடுவில் ஒரு பார் முழுக்கச் சும்மா விட்டு ஊதினான். பின்னால் நின்றவர்களில் பிரஸ் ஷாப் ஆட்கள் இருந்தார்கள். முதலில் ஒருவன் விசிலடித்தான், அப்புறம் பலர். நான் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிராம்போன்கள் நுழைய வேண்டிய இடத்துக்கு ஒரு பார் முன்னாலேயே நுழைந்துவிட்டேன்.

முடிந்ததும் டைரக்டர் மேடையேறி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். வெள்ளைக்காரர், வயதானவர். டெனர்காரனின் கையைப் பிடித்தவர் விடவில்லை, குனிந்து பார்த்தார். இங்கிலீஷில் அதிகாரியிடம் ஏதோ கேட்டார். ஓட்டலில் கற்ற இங்கிலீஷ் எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறவியிலேயே அப்படித்தான் என்று அதிகாரி சொன்னான்.

நான் வாயைத் திறந்தேன். டெனர்காரன் என் காலை மிதித்தான். நன்றாக, பூட்ஸ் அழுத்த மிதித்தான்.

"நோ சார். பிரஸ் ஷாப். மிஷின் நம்பர் த்ரீ. யுவர் கம்பெனி," என்றான். சத்தம் போடவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வது மாதிரி சொன்னான்.

டைரக்டர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி போனைப் பார்த்தான். டைரக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்குக் கை கொடுக்கப் போனார். அவ்வளவுதான். கம்பெனி போட்ட வீடியோவில் மூன்று பாட்டுதான் இருந்தது, சோலோ வந்த பாட்டு இல்லை.

வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"பேமானி, ஒரு பார் முன்னாடி வந்து கெடுத்தியே," என்றான் டெனர்காரன்.

"நான் அவனப் பாத்துக்கினு இருந்தேன்டா."

"அவன் மூஞ்சிலயா நோட்டு எழுதியிருக்கு? அடுத்த வாரம் மணவாள நகர்ல கல்யாணம். அந்த மூணாவத அங்க ஊதறோம். ஒழுங்கா எண்ணி வா. சிம்பலுக்கு வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேன் மாஸ்டர்கிட்ட."

கேட்டில் பச்சைப் பலகைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலையின் கனத்தில் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, வாட்ச்மேன் ஸ்டூல்மேல் ஏறி நிமிர்த்திக்கொண்டிருந்தார். டெனர்காரன் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னும் கோணலாத்தான் கீது அண்ணே," என்றான்.

வாட்ச்மேன் இன்னொரு தடவை நிமிர்த்தினார். நாங்கள் ரயிலுக்கு நடந்தோம்.