கூட்டத்துக்கு வந்த பஸ்

போன வாரம் என் இரண்டு கைகளிலும் கட்சிக் கொடி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு எப்படி...?

புதிய தலைவர் ஒருவர் கலசப்பாக்கத்தில் பேசுகிறார், ஜவ்வாது மலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களை இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த பஸ்ஸிலேயே போய் எழுதலாமே என்று முதல் நாளே மலையேறிவிட்டேன். தலைப்புகூட ரெடி – 'மயங்கும் மக்கள்'!

காலையில் பஸ் வந்தது. கட்சிப் பொறுப்பாளர் ஏழுமலை, எழுத வந்த என்னைத் தவிர ஆளுக்கொரு கொடி கொடுத்து ஏற்றினார். முன் சீட்டில் மல்லிகா. சாமை பயிரிடும் குடும்பம். பக்கத்தில் மகள் சத்யா, மடியில் ஒரு ஃபைல். கொண்டை ஊசி வளைவு முழுக்க மல்லிகாவின் 'வாழ்க' கோஷம்தான். நோட்டில் 'மயக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மைதானத்தில் தலைவரைக் காணோம். ஒரு மணி ஆயிற்று... இரண்டு ஆயிற்று... மல்லிகா என்னிடம் நிமிஷத்துக்கு ஒரு தரம் டைம் கேட்டார்.

"தலைவரைப் பார்க்க அவ்வளவு ஆசையா?"

"அய்ய, நீங்க வேறம்மா! இவளுக்கு இந்த ஊரு ஐடிஐல சீட்டு கெடச்சிருக்குது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணுமாம். இல்லன்னா வேற ஆளுக்குப் போய்டுமாம். அதான் இந்த பஸ்ஸ புடிச்சோம்."

"ரூட் பஸ் இல்லையா?"

"அத நிறுத்தி ரெண்டு வருசமாவுது. கலெக்‌ஷன் பத்தலயாம்."

மணி மூன்றேகால். வாசலில் ஏழுமலை தலை எண்ணிக்கொண்டு நிற்கிறார். தலைவர் பேசி முடிக்காமல் யாரும் நகரக் கூடாதாம். சத்யா ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவையே பார்த்தாள்.

மல்லிகா இரண்டு கொடிகளையும் என் கையில் திணித்தார். "இத நல்லா தூக்கிப் புடிச்சினு நில்லுங்கம்மா. ரெண்டு ஆளு கணக்குக்கு ஆவும்." பந்தலுக்குப் பின்னால் இருவரும் நழுவிவிட்டார்கள்.

நின்றேன். வேறு வழி?

தலைவர் வந்தார். "நான் உங்க வூட்டுப் புள்ள! ஏசி ரூம்ல உக்காந்து உங்கள ஆட்டி வைக்கிறவங்கள சும்மா விட மாட்டேன்!" விசில் பறந்தது. பொய் சொல்லக் கூடாது, பேச்சு அருமை. ஆனால் நின்றுபோன பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

நவதாராளவாதம் என்று நாம் பெரிய வார்த்தையாக எழுதுகிறோமே, மலையில் அதற்குப் பெயர் 'கலெக்‌ஷன் பத்தல'. பஸ்ஸையும் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் கடை மாதிரி நடத்து, லாபம் தேறாததை மூடு என்பார்கள். மூடியபின் ஜனங்களிடம் கோபம்தான் மிச்சம். அந்தக் கோபத்தை ஏற்றிக்கொண்டு போக ஒருவர் வருவார். யார் யாரையோ கை காட்டுவார், பஸ்ஸைக் காட்ட மாட்டார். ஏன் காட்ட வேண்டும்? ரூட் பஸ் ஓடினால் இவர் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்?

ரூட் பஸ்ஸை நிறுத்துகிறவரும் கூட்டத்துக்கு பஸ் விடுகிறவரும் எதிரிகள் என்று இனிமேலும் நம்ப நான் தயாரில்லை. ஒருவர் காலி செய்து கொடுத்த இடத்தில்தான் இன்னொருவர் மேடை போடுகிறார்.

கூட்டம் கலையும் நேரத்துக்கு சத்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சேத்துக்கினாங்க மேடம்!" பின்னாலேயே வந்த மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் கையில் மருந்துப் பை. இன்னொருவர் மடியில் ரிப்பேர் பார்த்த மிக்ஸி. தலைவரைப் பார்க்கவென்றே வந்தது நான் மட்டும்தானோ? நோட்டை எடுத்து 'மயக்கம்' என்ற வார்த்தையை அடித்தேன்.

"திங்கக்கெழம கிளாசு ஆரம்பம்," என்றார் மல்லிகா. "ஹாஸ்டல் கெடயாதாம். தெனம் போய்ட்டு வரணும்." சற்று யோசித்துவிட்டு, முன்னால் எட்டிக் கேட்டார். "அண்ணே... திங்கக்கெழம கூட்டம் இருக்குதுங்களா?"

ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம்? இன்னும் வூடு போய் சேரல, அடுத்த கூட்டம் கேக்கறாங்க! இத எழுதுங்க மேடம்!"

எழுதிவிட்டேன், ஏழுமலை சார். அடுத்த கூட்டம் அடுத்த மாதம்தானாம். சத்யாவுக்கு வகுப்பு திங்கட்கிழமை.