வுமிலியாவின் கோழி திரும்பி வந்த கதை

வுமிலியாவின் காணிக்கையைக் கர்த்தர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதுவும் நேரடியாக இல்லையாம், அமெரிக்கா வழியாக. எங்கள் லுகொண்ட்வே கிராமத்துக்குக் கர்த்தர் எதையும் நேரடியாக அனுப்பியதில்லை என்பதால், செய்தியில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதியை விசாரிக்கப் புறப்பட்டேன்.

வுமிலியாவுக்கு நாற்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவளுக்கு மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கில் புதர். மழைக்காலத்தில் குருத்தைச் சீவிக் கள் இறக்கி, அதை விற்று மகள் உபெண்டோவைத் தையல் படிக்க வைத்தாள். கள் விற்ற குற்றத்துக்காகச் சபை மூப்பர்கள் அவளை விலக்கி வைத்தார்கள். திருவிருந்து கிடையாது. உட்கார இடம் கடைசி பெஞ்சு. அந்தக் கள்ளை வாங்கிக் குடித்தவர்கள் முன் பெஞ்சுகளில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார்கள். விற்பதுதான் பாவம், வாங்குவது வியாபாரம்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை உபெண்டோவுக்குக் கல்யாணம். விலக்கப்பட்ட தாய் பீடத்தருகே மகளோடு நிற்க முடியாது. ஆகவே அதற்கு முந்தின ஞாயிறு வுமிலியா சபை முன் மன்னிப்புக் கேட்டு, ஒரு வெள்ளைக் கோழியைக் காணிக்கையாக வைத்தாள். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கோழி விலைபோனதும் மூப்பர் யோராம் அவள் பெயரைச் சபைப் புத்தகத்தில் மறுபடி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

அதே ஞாயிறுதான் எங்கள் சபையோடு கூட்டு வைத்திருக்கும் அமெரிக்கச் சபையிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். அவர்களுக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்து, புதுக் கழிப்பறை தோண்டி, அதற்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தோம்.

யோராம் கோழியைத் தூக்கிப் பிடித்தார். “முட்டைக்குள்ள இருக்கும்போதே ஞானஸ்நானம் வாங்கின கோழி! பதினஞ்சாயிரம்! யாரு இருபது?”

“கோழி பரவால்ல அண்ணே, பிடிச்சிருக்கிற ஆளுதான் ரொம்ப முத்தலா இருக்கு!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

விருந்தாளிகளில் மார்லிஸ் என்ற வெள்ளைத்தலை அம்மா கையைத் தூக்கி இரண்டு லட்சம் ஷில்லிங் என்றார். முற்றமே ஆர்ப்பரித்தது. அவர் கோழியை வாங்கி, நேராக வுமிலியாவிடம் நடந்துபோய் நீட்டினார். பாஸ்டர் லுவண்டா மொழிபெயர்த்தார்: “இது உங்க கோழிதான். வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்கன்னு அம்மா சொல்றாங்க. கடவுள் உங்களை நேசிக்கிறாராம்.”

ஆரவாரம் நின்றுவிட்டது. பீடத்தில் வைத்த காணிக்கை கொடுத்தவள் கைக்கே திரும்பினால் அது ஏற்கப்படவில்லை என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விருந்தாளி நீட்டுவதைத் தட்டவும் கூடாது. வுமிலியா முழங்கால் மடக்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. பதினோரு பேரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

“பாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே?” என்று விசாரிக்கப் போனபோது கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது? அந்தம்மா கடல் தாண்டி வந்திருக்கு. முகம் வாடிப்போயிருக்கும்ப்பா.”

“வுமிலியா முகம்?”

“அது நம்ம முகம்தானே. பழகிக்கும்.”

யோராமிடம் போனேன். “ரெண்டு லட்சம் வந்துச்சே அண்ணே, அது காணிக்கை இல்லையா?”

“அது மார்லிஸ் அம்மா பேர்ல வந்தது. வுமிலியா பேர்ல வந்தது கோழி. கோழி எங்க? அவ வீட்டுல. அப்ப அவ என்ன குடுத்தா, நீயே சொல்லு.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடி இரண்டு நாள் செலவழித்தேன். மனுஷன் கெட்டியாகத்தான் கட்டியிருந்தார்.

திங்கட்கிழமையே வுமிலியா ஒரு சிவப்புக் கோழியைத் தூக்கிக்கொண்டு யோராம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மூப்பர் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறுதான், ஆகஸ்டில் வா என்றாராம். சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. தாய் நிற்க வேண்டிய இடத்தில் அத்தை நின்றாள். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துத் தகப்பன், புதுக் கோட்டோடு. அவன் பெயர் வேறொரு சபையின் புத்தகத்தில் சுத்தமாக இருந்தது. வுமிலியா கடைசி பெஞ்சிலிருந்து மகளின் முதுகைப் பார்த்தாள்.

செப்டம்பரில் அமெரிக்கச் சபையின் செய்தி மடல் வந்து, கோயில் பலகையில் ஒட்டினார்கள். முதல் பக்கத்தில் கோழியோடு அழும் வுமிலியா. கீழே எழுதியிருந்ததைப் பாஸ்டர் படித்துச் சொன்னார்: “ஆனந்தக் கண்ணீர்.”

நான் வீட்டுக்குப் போனபோது வுமிலியா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“புத்தகத்துல உன் பேருக்கு நேரா என்னக்கா இருக்கு?”

“கோழி ஒண்ணு, பாக்கி.”

“ஒண்ணக் குடுத்துடேன். முன் பெஞ்சுக்குப் போயிடலாம்.”

“முன் பெஞ்சுல போய் யாரைப் பாக்க? எனக்கென்ன இன்னொரு மகளா இருக்கா கட்டிக்குடுக்க?” உதிர்த்த கதிரை வீசிவிட்டு அடுத்ததை எடுத்தாள். “நான் குடுத்தாச்சு தம்பி. யாரு திருப்பிக் குடுத்தாங்களோ, அவங்ககிட்ட வாங்கிக்கச் சொல்லு யோராமை.”

யோராமிடம் அப்படியே சொன்னேன். வெளிநாட்டு அம்மாவிடம் கோழி கேட்டு எழுதினால் சபைக்கு அசிங்கம் என்றார். ஆகஸ்டும் போய், செப்டம்பரும் போய், ‘கோழி ஒண்ணு, பாக்கி’ என்ற வரி புத்தகத்தில் இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது.